ஸ்டோர் கம்பியில் அக்காவின் துணி

வெயிலில் காயவைக்கச் சொன்ன சேச்சியின் மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. ஆடி மாதத்தில் வண்டன்மேட்டுப் பக்கம் வெயிலுக்கு எங்கே போவது என்பதைத்தான் அவர் சொல்லாமல் போய்விட்டார்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. எங்கள் ஏலத்தோட்டக் குடியிருப்பில் பெண்பிள்ளைகளை எல்லாம் உட்கார வைத்து, சுகாதார நிலையத்திலிருந்து வந்த அந்த மலையாளத்துச் சேச்சி வகுப்பு எடுத்தார். நான் இன்னும் பெரியவளாகவில்லை. அக்காவோடு ஒட்டிக்கொண்டு போனேன். மாதவிடாய் நோயுமில்லை, அசிங்கமுமில்லை என்றார். "துணியெ ஒளிச்சு வைக்கக் கூடாது, கேட்டோ. வெயில்ல போட்டு நல்லா உணக்கணும்" என்று மூன்று முறை சொன்னார். ஆளுக்கு ஒரு பாக்கெட் நாப்கினும் கொடுத்தார். அது அந்த மாதத்தோடு தீர்ந்தது.

அடுத்த மாதம் அக்காவுக்குப் பழையபடி அம்மாவின் கிழிந்த சேலைதான். துவைத்து, தகரப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துப் போடுவாள். பதினைந்து நாளாக விடாத மழை. ஈரத் துணியையே வைத்து வைத்துத் தொடையெல்லாம் புண்ணாகி, பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று படுத்துவிட்டாள்.

எங்கள் தோட்டத்தில் ஈரமில்லாத இடம் ஒன்றே ஒன்றுதான்: ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர். அதன் அடுப்புச் சுவரையொட்டி வெளிப்பக்கம் ஒரு கம்பி உண்டு. ஆண்களின் நனைந்த சட்டை, பனியன், அட்டை ஏறாமலிருக்க முழங்கால்வரை போடும் காலுறை எல்லாம் அதில்தான் தொங்கும். அட்டை கடித்த ரத்தம் அந்தக் காலுறைகளில் திட்டுத்திட்டாகக் காய்ந்திருக்கும்; யாரும் ஒன்றும் சொன்னதில்லை. காய் இருப்பதோ சுவருக்கு அந்தப் பக்கம். அக்காவிடம்கூடச் சொல்லாமல், துவைத்த துணிகள் மூன்றையும் கொண்டுபோய் அந்தக் கம்பியில் போட்டேன். ஒளிக்கக் கூடாதல்லவா, நன்றாக விரித்தே போட்டேன்.

சாயங்காலம் காய் எடுத்த பெண்கள் எடைபோட வந்து நின்றபோது சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். எங்களைப் போலத் தேனிப் பக்கத்து ஆள்தான். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் வேறு.

"ஏலத்துக்குப் போற காயி இருக்குற எடத்துல தீட்டுத் துணியக் காயப் போட்டவ எவ?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்துவிட்டாள். "என்னுதுதாய்யா. புத்தி கெட்டுப் போயி போட்டுட்டேன்."

துணிகளை ஒரு குச்சியால் எடுத்து அடுப்பில் தள்ளினார். அம்மா மஞ்சள் தண்ணீரால் அந்த இடத்தைக் கழுவ வேண்டும், ஒரு வாரம் வேலைக்கு வரக் கூடாது என்றார். ஒரு வாரம் வேலை இல்லாவிட்டால் எங்கள் அடுப்பு எரியாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் அன்று எனக்கு அவரைவிட அங்கே நின்ற பெண்கள்மேல்தான் அதிகக் கோபம். பன்னிரண்டு பேர். ஒருத்திகூட அம்மாவுக்காகப் பேசவில்லை. யாரும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. நான் செய்த காரியத்துக்குக் கூசி நிற்கிறார்கள் என்று நினைத்தேன். அவர்களில் இரண்டு மூன்று பேராவது விலக்கோடுதான் காலையிலிருந்து காய் எடுத்திருப்பார்கள் என்பதும், அடுத்த கேள்வி தங்களை நோக்கி வந்துவிடுமோ என்றுதான் உறைந்து நின்றார்கள் என்பதும் அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.

அம்மா கழுவிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் எடுத்த காயெல்லாம் எடைபோட்டு உள்ளே போனது. ஒரு காயைக்கூட அவர் வேண்டாம் என்று தள்ளவில்லை.