கண்ணு எப்படி?

"கண்ணு எப்படி?" என்று கேட்டுக்கொண்டே பிரிஜிட் ஓட்டுநரின் முகத்துக்கு மிக அருகே வந்துவிடுவாள். பதில் வாயிலிருந்து வந்தால் போதாது, இமையையும் பார்த்தாக வேண்டும். ஜாசின் ஊரில் அவளிடம் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் மூன்று பஸ்கள், மூன்று ஓட்டுநர்கள். மூன்றும் போய்ச் சேர்ந்ததாகப் போன் வரும்வரை காலையில் வாங்கிய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் மேசையிலேயே கிடந்து ஆறும். எங்காவது ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் போச்சு, மூன்று பேருக்கும் போன் பறக்கும். ஓட்டுகிறவன் போனை எடுக்கவும் கூடாது, எடுக்காவிட்டால் இவளுக்கு உயிர் போகும்! என்ன மனுஷியோ.

"செஞ்ச தப்ப சொன்னா திட்ட மாட்டேன். மறைச்சாத்தான் எனக்குப் பயம் லா!" இது அவள் அன்றாடம் பாடும் பாட்டு. ஓட்டுநர்கள் தலையாட்டுவார்கள். நம்பினார்களா என்பது வேறு கதை. இதே பாட்டைப் பாடிய முதலாளிகள், உண்மையைச் சொன்னவனையே முதலில் வீட்டுக்கு அனுப்பியதைப் பார்த்தவர்கள் அவர்கள். அதனால் இவளிடமும் கண்ணாடி தானாக உடையும், பம்பர் தானாக நசுங்கும்.

போன வாரம், மதிய ஷிப்டுக்குப் புறப்படும் நேரம். பஸ் சாவியை எடுத்த ஓட்டுநர் தினேஷ்வரன் அதை மறுபடி மேசைமேல் வைத்தான்.

"அக்கா, காலையில ஆள எறக்கிட்டுத் திரும்பும்போது தூங்கிட்டேன். புக்கிட் காத்தில் ஊர் வளைவுல. முழிச்சுப் பாத்தா வண்டி புல்லுல போவுது. பஸ் காலிதான், யாரும் பாக்கல. பாப்பாவுக்குக் காய்ச்சல், ராத்திரி பூரா முழிச்சிருந்தேன். இப்பவும் கண்ணு சொக்குது."

"மாதாவே!" பிரிஜிட் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். உள்ளே நாற்பது பேர் இருந்திருந்தால்? அந்த நினைப்பு அடங்குவதற்குள் அடுத்த பயம் வந்து நின்றது. மாற்று ஓட்டுநர் கிடையாது. இன்னொரு ஓட்டுநர் சின்னத்தம்பி தன் ஆட்களை இறக்கிவிட்டு வந்துதான் தினேஷ்வரன் வண்டி ஆட்களையும் ஏற்ற வேண்டும். இன்னொரு தடவை தாமதமானால் கான்ட்ராக்ட் இல்லை என்று தொழிற்சாலையில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். அது போனால் மூன்று வண்டியும் சும்மா நிற்க வேண்டியதுதான்.

"டயர் பஞ்சர்னு சொல்லிடு தங்கச்சி," என்றார் சின்னத்தம்பி மெதுவாக. அவர் அவளைவிட மூத்தவர். மூன்றாவது ஓட்டுநர் புவனேஸ்வரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தினேஷ்வரனின் தலை நிமிரவில்லை.

பிரிஜிட் போனை மேசைமேல் வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டு, தொழிற்சாலை அதிகாரி திலீபனை அழைத்தாள்.

"தம்பி, இன்னிக்கு ஒரு பஸ் லேட்டாகும். எங்க டிரைவருக்குத் தூக்கம் சொக்குது. அவனே வந்து சொன்னான். ஓட்ட விட மாட்டேன்."

"ஐயோ அக்கா! பஞ்சர்னு சொல்லியிருந்தா நான் பெரிய பாஸ்கிட்ட சமாளிச்சிருப்பேன் லா. டிரைவர் தூங்குறான்னு தெரிஞ்சா கான்ட்ராக்டே போயிடும். பஞ்சர்னே சொல்லிடவா?"

மூன்று ஆண்களும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"வேணாம் தம்பி. நான் சொன்னதையே அவருகிட்டயும் சொல்லுங்க."

குரல் திடமாக வந்தது. போனை வைத்ததும் தினேஷ்வரனின் சாவியை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டி, சின்னத்தம்பியைச் சீக்கிரம் கிளம்பச் சொன்னாள்.