கோழிக்கு அடியில் லைசென்ஸ்

அடைகாக்கும் கோழி கொத்தினால் எப்படி வலிக்கும் தெரியுமா? போன சனிக்கிழமை தெரிந்துகொண்டேன். காரணம் — ஒரு லப்டொப்!

என் மனைவி வாசுகி சங்கீத ரீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். லண்டனில் இருக்கும் எங்கள் ஊர் உடுப்பிட்டிக்காரர் சிலர், தங்கள் பிள்ளைகளுக்கு இணையத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்படி அவரைக் கேட்டிருந்தார்கள். அதற்கென்றே தன் சொந்தக் காசில் புத்தம்புது லப்டொப் ஒன்று வாங்கினார். முதல் வகுப்பு சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு. பெற்றோரும் கூட இருந்து பார்ப்பார்கள். பிடித்தால் தொடர்வார்கள். பிடிக்காவிட்டால் சென்னையில் இன்னொரு ரீச்சர் தயாராக இருக்கிறாராம். அந்தக் கிழமை முழுக்க வாசுகிக்குச் சரியான நித்திரை இல்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

சனிக்கிழமை காலை லப்டொப்பைத் திறந்தால் திரை நிறைய வேண்டாத சாமான்கள். கொஞ்ச நாளைக்கு இலவசம் என்று ஒன்று, யாரும் கேட்காத விளையாட்டு ஒன்று, 'இப்போதே வாங்கு' என்று நிமிடத்துக்கு நிமிடம் குதிக்கும் வைரஸ் காவல்காரன் ஒன்று... புது வீட்டைக் கூட்டிக் கழுவாமல் குடிபோவோமா? எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஓப்பரேட்டிங் சிஸ்டத்தைச் சுத்தமாகத் திரும்பப் போடுவது என்று முடிவெடுத்தேன். லைசென்ஸோடு வந்த ஒறிஜினல் அல்லவா? என் வாழ்க்கையிலேயே முதல் ஒறிஜினல். அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா?

இன்றைக்கென்று பார்த்தா செய்யவேண்டும் என்று வாசுகி கேட்டார். அரை மணித்தியால வேலை என்றேன்.

வேலை என்னவோ ஒழுங்காகத்தான் முடிந்தது. ஆனால் திரையின் மூலையில் ஒரு வரி — இது இன்னும் அக்டிவேற் ஆகவில்லை. சரி, லைசென்ஸ் கீயை அடித்தால் போயிற்று. எழுத்தும் இலக்கமுமாக நீளமாய் ஒன்று இருக்குமே... எங்கே அது? லப்டொப்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஸ்டிக்கர் இல்லை. பில்லில் இல்லை. அப்படியென்றால் லப்டொப் வந்த பெட்டியில்தான் இருக்கவேண்டும். பெட்டி எங்கே?

பக்கத்து வீட்டுச் சிவலோகம் மாஸ்டர் தன் கோழியை அடைவைக்க என்று கேட்க, வாசுகி கொடுத்துவிட்டாராம்.

போனேன். கோழி பெட்டிக்குள் மகாராணி மாதிரி இருந்தது. மெல்லக் கையை விட்டுத் தடவினேன். முட்டை, வைக்கோல், பிறகு கொத்து. நல்ல கொத்து.

மாஸ்டர் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி தேடுறீர்?"

"லைசென்ஸ், மாஸ்டர்."

"கோழிக்குக் கீழையோ?"

மாஸ்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். கணக்கு வாத்தியாராக இருந்தவர். எங்கள் மாங்காய் அவர் வளவில் விழுந்தால் வேலியால் கூப்பிட்டுத் தருகிற மனிதர். ஆனால் சொஃப்ட்வெயாருக்குக் காசு கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை. ஊருக்கெல்லாம் கள்ளக் கொப்பி போட்டுக்கொடுத்தவர் அவர்தான், அதுவும் இலவசமாக. அதை யாரும் களவென்று நினைத்ததும் இல்லை. கையால் பிடிக்கமுடியாத சாமானை எப்படிக் களவெடுப்பது?

உதுக்கோ இவ்வளவு யோசனை என்று இரங்கி, பென்ட்ரைவோடு வந்தார். எதையோ போட்டார். மூலையில் இருந்த வரி மறைந்தது. இரண்டுபேரும் பெருமையோடு பார்த்துக்கொண்டிருக்க, சூதாட்ட விளம்பரம் ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று. அதை மூடினால் மூன்று. கடைசியில் லப்டொப் அப்படியே விறைத்துப் போயிற்று. கோழி பாவம் என்று மாஸ்டர் மெதுவாக எழும்பிப் போய்விட்டார்.

வாசுகி வாசலில் நின்றார். கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. கண் கலங்கியிருந்தது.

"நான் வாங்கேக்கை நல்லாத்தானே இருந்தது. ஆர் உங்களைக் கழுவச் சொன்னது?"

சொல்லிவிட்டு, நான் காலையிலேயே செய்திருக்கவேண்டியதைச் செய்தார். கடைக்கு ஃபோன் எடுத்தார். கடைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். வாசுகி அதை என்னிடம் திருப்பினார்.

"இன்ரநெற் குடுத்தனீங்களோ?"

கொடுப்பேனா? கள்ளக் கொப்பி போடுகிறவனுக்கு முதற் பாடமே அதுதானே — போடும்போது நெற்றைக் கழற்று, இல்லாவிட்டால் பிடிபடுவாய். கை பழகிவிட்டது. காலையில் நான் செய்த முதல் வேலை வைஃபையை நிற்பாட்டியதுதான். கடைக்காரர் சொன்னபடி, கீ எங்கேயும் எழுதியிருக்காதாம். லப்டொப்புக்குள்ளேயே இருக்கிறதாம். நெற்றைக் கொடுத்தால் அது தானாகவே போய், நான் ஒறிஜினல் என்று கம்பனிக்குச் சொல்லிவிடுமாம்.

வாழ்நாள் முழுக்க ஒளித்துப் பழகியவன் கையில் ஒளிக்கத் தேவையில்லாத பொருளைக் கொடுத்தாலும், அவன் ஒளிக்கத்தான் பார்ப்பான் போல.

மறுபடி எல்லாவற்றையும் அழித்தேன். இந்தமுறை நெற்றோடு. அது பத்து வீதம், இருபது வீதம் என்று ஆடி அசைந்து போக, வாசுகி சேலை மாற்றிச் சுருதிப்பெட்டியோடு வந்து உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தெரிந்த கடவுள்கள் எல்லோரையும் கூப்பிட்டேன். ஐந்து மணிக்குச் சற்று முன் திரை விழித்தது. கீயும் இல்லை, கேள்வியும் இல்லை. அக்டிவேற் ஆகிவிட்டது என்று அதுவே சொன்னது. பெயர் கேட்டபோது வாசுகி என்னை விலத்திவிட்டுத் தன் பெயரை அடித்தார். இரகசிய இலக்கம் கேட்டபோது என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மரியாதையாக முகட்டைப் பார்த்தேன்.

பிள்ளைகளின் முகங்கள் வந்தன. வாசுகி 'ஸ' பிடித்தார். லண்டனில் அத்தனை பிள்ளைகளும் சேர்ந்து பிடித்தார்கள். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு, சொன்னால் என்ன, அழுகை வந்துவிட்டது. அன்றிரவே பெற்றோர் தகவல் அனுப்பியிருந்தார்கள் — வகுப்பு தொடரட்டும் என்று.

மறுநாள் இந்தப் பத்தியை அந்த லப்டொப்பிலேயே தட்டலாம் என்று வாசுகியிடம் இரகசிய இலக்கத்தைக் கேட்டேன்.

"என்னத்துக்கு? இப்ப சுத்தமாத்தான் கிடக்கு."

ஆகவே, இது என் பழைய கொம்பியூட்டரில் எழுதியது. அதன் லைசென்ஸைப் பற்றி மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.