செவ்வாய்க்காரர்கள் வருவார்கள் என்ற கட்சி

ஆகாயத்திலிருந்து துணைக்கு ஆள் வரும் என்று சத்தியம் செய்து வாதாடிய மனிதர்களோடு நான் ஒரே லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அடுத்தடுத்த அறைகளில், குடியிருந்திருக்கிறேன். அவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. வயதானால் கோபம் ஆறும் என்பார்கள். எனக்கு ஆறவில்லை.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் வாத்தியாராக இருந்தேன். வாத்தியார் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். காலையில் ஒரு தகரக் கொட்டகையில் லயத்துப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி. மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளைக்கு எடுபிடி. என் மனைவி கொழுந்து பறித்தாள். சீமையில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. எங்களுக்கு அந்தச் சண்டை, அரிசி குறைந்துபோனதில்தான் தெரிந்தது.

பதுளைக் கடைவீதியில் என் தாய்மாமன் பலசரக்குக் கடை வைத்திருந்தார். சென்னைப்பட்டணத்திலிருந்து அவருக்கு ஒரு மாதப் பத்திரிகை வரும். படித்து முடித்ததைத் தோட்டத்துக்கு வரும் அரிசி வண்டியில் எனக்குக் கொடுத்தனுப்புவார். அதில் ஒரு தொடர்கதை வந்தது. தென்னாட்டு ராஜா ஒருவனுடைய கோட்டையை எதிரிகள் வளைத்துக்கொள்கிறார்கள். அந்த நேரம் பார்த்துச் செவ்வாய் கிரகத்திலிருந்து ஒரு செப்புக் கப்பல் ஆகாய மார்க்கமாகக் கோட்டைக்குள் இறங்குகிறது. வந்தவர்கள் நீல நிறம், நெட்டை உருவம், கைக்கு நாலே விரல். ராஜாவின் நியாயத்தைக் கேட்டுவிட்டு, “அடுத்த பௌர்ணமிக்குள் படையோடு வருகிறோம், பொறுத்திரு” என்று சொல்லிப் பறந்து போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த எழுத்தாளர் பௌர்ணமியை வரவிடவே இல்லை. தேய்பிறையிலேயே மாதக்கணக்கில் ஓட்டினார்.

ஒரு மாதத்துக் கதையை வாரத்துக்குக் கொஞ்சமாகப் பிரித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அதைக் கொட்டகையில் உரக்க வாசிப்பேன். முதலில் பக்கத்து வீட்டார் வந்தார்கள். பிறகு கொட்டகை கொள்ளவில்லை. எங்கள் சனம் வாசிப்பு என்றால் புராண வாசிப்பைத்தான் அறியும். அதனால் இதற்கும் குத்துவிளக்கு வைத்தார்கள், தேங்காய் உடைத்தார்கள், முடிந்ததும் பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கோட்டைச் சுவர் இடிகிற இடத்தில் ஒரு வாரம் நிறுத்தினேன். “இப்புடி அமங்கலமா நிப்பாட்டுனா லயத்துக்கு ஆவாதுங்க” என்று ஒரு கிழவர் சண்டைக்கே வந்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் நானே ஒரு வாழி பாடி முடிக்க வேண்டியதாயிற்று.

மாசியில் காமன் கூத்து நடக்கும். நெற்றிக்கண் திறந்ததும் காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவே இல்லை என்று ஒரு கட்சியும் பாட்டுக்குப் பாட்டு மோதிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் இதற்கும் இரண்டு கட்சி கிளம்பியது. செவ்வாய்க்காரர்கள் வருவார்கள் என்பது ஒன்று, வரமாட்டார்கள் என்பது மற்றொன்று. தப்பு அடிப்பவர்கூட இரு பக்கத்துக்கும் பொதுவாக வந்து உட்கார்ந்துவிட்டார்.

வருவார்கள் கட்சிக்குத் தலைவர் ஒரு சில்லறைக் கங்காணி. பத்துப் பதினைந்து ஆளை மேய்க்கிறவர். நல்ல குரல், நல்ல மீசை. பேச எழுந்தாலே பாதிப் பேர் அவர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். எதிர்க்கட்சிக்குப் பேச இருந்தது ஒரே ஆள். எங்கள் லயத்துக் கடைசி வீட்டில் இருந்த, புருஷனை இழந்த ஒரு பெண். வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் பேசுவாள்.

“கடல் தாண்டிப் பாலம் போட்டுக் குரங்குப் பட வந்துச்சா இல்லியா? அதுங்களுக்கும் நமக்கும் என்ன ஒறவு? நியாயம் எங்க இருக்கோ அங்க தொண வரும். அதாங்க தருமம்!” என்பார் கங்காணி.

“வந்துச்சுங்க. சண்ட முடிஞ்சப்பறம் அந்தக் குரங்குகளுக்கு எந்த ஊரைக் குடுத்தாங்க? காட்டுக்குத்தானே திரும்பிப் போச்சு? தொணைக்குன்னு போனவன் கதையெல்லாம் எனக்குந் தெரியும். பாரதத்துல அரக்கி வயித்துப் புள்ள அப்பனுக்குத் தொணையாத்தான் போனான். அவன் செத்து விழுந்தப்ப சொந்தப் பக்கத்துல ஒருத்தர் சிரிச்சாரு. இன்னொரு புள்ளையக் களப்பலின்னு சொல்லி சண்டைக்கு முன்னாடியே வெட்டிப்புட்டாங்க. செவ்வாய்க்காரனுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கும். புத்தியிருந்தா வரமாட்டான்.”

“வாக்குக் குடுத்திருக்கான்ல?”

“சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணானா?”

“செவ்வாயில ஏது அக்கா சூடம்?”

“அப்ப அந்த வாக்கு செல்லாது.”

கொட்டகை அதிரச் சிரிப்போம். என் மனைவி மூலையில் உட்கார்ந்து, சிரிக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். அவளுக்கு அப்போது ஏழாவது மாதம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத் தங்கிய முதல் பிள்ளை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை.

வினை பெரட்டுக் களத்தில் வந்தது. அதிகாலையில் ஆள் பிரித்து வேலைக்கு அனுப்பும் இடம் அது. யாரையாவது கங்காணிமார் ஏசினால், “இருங்க, செவ்வாய்க்காரங்க வரட்டும், ஒங்களுக்கு இருக்கு” என்று முணுமுணுப்பது வழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் நாலு விரலை நீட்டி, ஐந்தாவதை மடக்கிப் பெரிய கங்காணிக்குக் காட்டிவிட்டு ஓடின. பெரிய கங்காணிக்குக் கதையும் தெரியாது, சிரிக்கவும் தெரியாது. நேராகத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்குப் போனார். ஆட்கள் யாரோ ஒரு படை வருமென்று காத்திருக்கிறார்கள், வாத்தியார் காகிதம் வாசித்துக் கிளப்பிவிடுகிறான் என்று சொல்லிவிட்டார். சண்டைக் காலத்துத் துரைக்கு அது போதாதா? வாசிப்பு கூடாது, கொட்டகையைப் பூட்டு என்று உத்தரவு வந்தது. பள்ளிக்கூடமும் அதே கொட்டகைதான். என் பிழைப்பும் அதுதான்.

அன்று மாலை எல்லாரும் எங்கள் வாசலில் கூடினார்கள். வருவார்கள் கட்சிக் கங்காணி சொன்னார்: “நீங்க போயி தொரகிட்ட எடுத்துச் சொல்லுங்க வாத்தியாரே. வெறுங் கததானே! ஒங்களுக்குத்தான் அவுங்க பேச்சு ரெண்டு வார்த்த தெரியும். நாங்க அம்புட்டுப் பேரும் பின்னாடி நிக்கிறோம். இத்தன பேரப் பாத்தா தொர கேக்காமயா போயிருவாரு?”

நான் தயங்கினேன். உடனே முனியாண்டி கல்லுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார்கள். சூடத்தை ஏற்றினார்கள். கங்காணிதான் முதலில் உள்ளங்கையால் அணைத்தார். பிறகு ஒவ்வொருவராக அணைத்தார்கள். கை சுட்டவர்கள் உதறிக்கொண்டே சிரித்தார்கள். கடைசி வீட்டுப் பெண் மட்டும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

“நான் வரலப்பா. தொர மொகத்துக்கு நேரா நிக்க எனக்குப் பயமா இருக்கு. இப்பவே சொல்லிப்புட்டேன்” என்றாள்.

அவளைக் கோழை என்று ஏசினார்கள். நானும் மனதுக்குள் ஏசினேன்.

மறுநாள் காலையில் லயத்து முனையிலிருந்து கிளம்பினேன். பின்னால் கூட்டம் வந்தது. கொஞ்சதூரம் வரைக்கும் காலடிச் சத்தம் கேட்டது; பேச்சுச் சத்தமும் கேட்டது. துரையிடம் சொல்ல வேண்டியதை வாய்க்குள் உருப்போட்டுக்கொண்டே நடந்தேன். திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. சூடம் அணைத்தவர்களைத் திரும்பிப் பார்ப்பது மரியாதையில்லை என்றுகூட நினைத்தேன். அப்படி ஒரு மடையன் நான்.

துரை பங்களாப் புல்வெளியில் நின்றுகொண்டிருந்தார். தோட்டத் தமிழில், “என்னா?” என்றார்.

“ஐயா, அது கதைங்க. படை எதுவும் இல்லீங்க. எல்லாரும் சொல்ல வந்திருக்காங்க. நீங்களே கேட்டுப் பாருங்க.”

“எல்லாரும் எங்கே?”

அப்போதுதான் திரும்பினேன். பின்னால் பாதை காலியாகக் கிடந்தது. பங்களா உயரத்திலிருந்து கீழே லயம் நன்றாகத் தெரியும். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் நின்றுகொண்டு எல்லாரும் அண்ணாந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீசையை வைத்து, அந்தத் தூரத்திலிருந்தும் கங்காணியை என்னால் அடையாளம் காண முடிந்தது.

“படை இல்லே. உண்மை” என்றார் துரை. பங்களாச் சமையல்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பொழுது சாய்வதற்குள் தோட்டத்தை விட்டுப் போக வேண்டும் என்று உத்தரவாயிற்று.

லயத்துக்குத் திரும்பினால் கதவுகளெல்லாம் சாத்தியிருந்தன. கடைசி வீட்டுப் பெண் மட்டும் வந்தாள். ரொட்டி தட்டித் துணியில் கட்டிக்கொண்டு வந்து, எங்கள் மூட்டையைத் தன் தலையில் தூக்கிக்கொண்டாள். தோட்டத்து எல்லை வரைக்கும் என் மனைவியின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். ஒன்றும் வாக்குக் கொடுக்காதவள் அவள் ஒருத்திதான்.

அடைமழை. சாலை என்ற பேரில் சேறுதான் இருந்தது. ஆட்களை ஏற்றிக்கொள்ள வண்டி கிடைக்கவில்லை. பதுளைக்குப் போகும் வழியில் பசறைக்கு வந்து சேரும்போதே என் மனைவிக்கு வலி கண்டுவிட்டது. வண்டிக் கொட்டகையில், மாடுகளுக்குப் பக்கத்தில், யாரோ ஒரு சிங்களக் கிழவி இரக்கப்பட்டு வந்து பிரசவம் பார்த்தாள். ஆண் பிள்ளை. அழவில்லை. மூச்சே இல்லை. கிழவியின் பேச்சு எனக்குப் புரியாது. பிள்ளையைச் சேலைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தபோது புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை பிறக்கவே இல்லை.

பதுளையில் மாமன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேதான் மீதிக் கதையையும் படித்தேன். பௌர்ணமி வந்தது. செவ்வாய்க்காரர்களும் வந்தார்கள். வானமெல்லாம் செப்புக் கப்பல். கொடுத்த வாக்கைக் காப்பாற்றி, ராஜாவை மீட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு பிடி மண்கூடக் கேட்காமல் திரும்பிப் போனார்கள். படித்துவிட்டு அந்தப் பத்திரிகையைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பொய் எழுதுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

பதுளைக்கு ரயில் வந்த பிறகு ஒரு நாள், வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் அந்தக் கங்காணியும் வந்திருந்தார். மீசை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கும் வந்துவிட்டார். வந்தவரைப் போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மனைவி தேத்தண்ணீர் கொடுத்தாள்.

“நீங்க போனப்பறம் மனசே சரியில்ல வாத்தியாரே. சத்தியம் பண்ணிட்டு முறிச்சுட்டமேன்னு பயந்துபோயி, முனியாண்டிக்குச் சேவல அறுத்துப் பரிகாரம் பண்ணிட்டோம். சாமி ஒண்ணும் பண்ணல” என்றார்.

சேவலை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கறி வைத்துச் சாப்பிட்டார்களாம். அந்த வாசிப்புக் கொட்டகை வாசலில் வைத்துத்தான் பங்கு போட்டார்களாம்.

அவர் அதற்காக வரவில்லை என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. நாற்காலி நுனிக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அந்தக் கத என்னாச்சுங்க? நீங்க போனதோட நின்னுபோச்சு. லயத்துல இன்னமும் அடிச்சுக்கிறாங்க. செவ்வாய்க்காரங்க வந்தாங்களா?”

வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிதரிடம் ஏனோ பொய் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. “வந்தாங்க” என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “நான் சொன்னேன்ல! வாக்குக் குடுத்தவன் வராம இருப்பானா? அந்தப் பொம்பள என்னா பேச்சுப் பேசுனா!” என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

என் மனைவி கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். பசறைக் கொட்டகைக்குப் பிறகு அந்தத் தோட்டத்தைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதே இல்லை. “அவங்க வந்துட்டாங்கன்னு இம்புட்டுச் சந்தோசப்படுறீங்களே அண்ணே, அன்னிக்கி நீங்க ஏன் வரல?” என்று கேட்டாள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: “செவ்வாய்க்காரனுக்கு என்னா தங்கச்சி, புள்ளையா குட்டியா? வந்துருவான். எனக்கு அப்பவே அஞ்சு புள்ள.”

அவர் குடித்து வைத்த தம்ளரை அவள் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு, “அஞ்சு பேரும் சொகமா இருக்காங்களாண்ணே?” என்று கேட்டாள்.

“ஆமாங்க, இருக்குதுங்க” என்று அவர் மூத்தவனிலிருந்து ஆரம்பித்தார். யார் எந்த மலையில் வேலை, யாருக்குக் கல்யாணமாயிற்று என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார். அவள் நின்று கேட்டாள். என்னால் முடியவில்லை. எழுந்து தெருவுக்குப் போய்விட்டேன்.