தினகரனின் ரிமோட்

சேலையூர் கேம்ப் ரோட்டை ஒட்டிய சந்தில், மாடி வீட்டில் குடியிருக்கும் கங்காதரனுக்குக் கல்யாணமும் இல்லை, காட்சியும் இல்லை. பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்கென்று மிஞ்சியவை ரிமோட்டில் பறக்கும் ஒரு குட்டி விமானமும், தினகரன் என்ற ஒரே சிநேகிதரும்தான். ஞாயிறுதோறும் இருவரும் கூடுவாஞ்சேரிப் பக்கம் இன்னும் வீடு முளைக்காத மனைகளில் விமானம் விடுவார்கள். சந்திரனுக்கே அனுப்புவதுபோல அத்தனை அலட்டல்!

தினகரன் மகனோடு இருக்கக் கனடாவுக்குக் கிளம்பியபோது தன் விமானத்தின் ரிமோட்டையும் அதன் சார்ஜரையும் இவர் கையில் கொடுத்தார். "மச்சான், அப்பப்ப சார்ஜ் போட்டு வை. நான் வந்ததும் பறக்க விடலாம்" என்றார்.

சும்மா கிடந்தாலும் அதன் பேட்டரி தானாக இறங்கிவிடும். அடியோடு இறங்கினால் வீணாகிவிடும். கங்காதரன் விடுவாரா? ரிமோட்டின் ஸ்விட்சை அணைத்து, திரைச்சீலைக்கு எட்டாத வெறும் தரையில் வைத்து, சார்ஜ் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார். அவ்வப்போது அதன் முதுகைத் தொட்டுப் பார்ப்பார். சூடு ஏறினால் உடனே பிடுங்க வேண்டுமே! கீழ் வீட்டு நிஷா கோயிலுக்குக் கூப்பிட்டால்கூட, "சார்ஜ் போட்டிருக்கேம்மா, விட்டுட்டு வர முடியாது" என்பார். நாளடைவில் அவளும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அது அவருக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் ரிமோட் உயிரோடு இருக்கும்வரை தினகரன் திரும்பி வருவார் என்று ஒரு நம்பிக்கை. அசட்டு நம்பிக்கைதான், மனிதரிடம் வேறு என்ன இருந்தது?

இந்த மார்கழியில், "அடுத்த வாரம் வரேன்" என்று தினகரனிடமிருந்து செய்தி வந்தது. கங்காதரனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம்தான் வினையாயிற்று. இருவருடைய சார்ஜரும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ரிமோட்டில் சொருகும் பின்கூட ஒரே அளவு. ஆனால் கம்பெனி வேறு. ஒன்றில் பின்னின் உள்பக்கம் பிளஸ், மற்றதில் மைனஸ். "பின் பொருந்தினா போதாது சார், பிளஸ் மைனஸ் பொருந்தணும்" என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர், அவசரத்தில் தன் சார்ஜரைத் தினகரனின் ரிமோட்டில் சொருகிவிட்டார். யானைக்கும் அடி சறுக்கும். பிளாஸ்டிக் உருகும் நாற்றம் வந்ததும் பிடுங்கினார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கங்காதரன் தரையில் உட்கார்ந்து அழுதார்.

தினகரன் வந்தார். வந்தவரை உட்காரக்கூடச் சொல்லாமல், "மச்சான், தப்பு பண்ணிட்டேன். உன் ரிமோட்டை எரிச்சிட்டேன்" என்றார் கங்காதரன்.

"எந்த ரிமோட்டு?" என்று விழித்த தினகரன், ஞாபகம் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "அடப்பாவி! அத்த இன்னுமா வெச்சிக்கினு இருக்கே? கிளம்புற அவசரத்துல ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டா. இங்க இருக்கிற வூட்ட வித்துட்டுப் போலாம்னு வந்தேன். நாளன்னிக்கு ஃபிளைட்டு."

கங்காதரனும் சிரித்து வைத்தார். வேறென்ன செய்வது?

"சரி, அத வுடு. வேற இன்னா விசேஷம்?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார் தினகரன்.

கங்காதரன் யோசித்துப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த ரிமோட்டைத் தவிர, சொல்வதற்கு அவரிடம் ஒரு விசேஷமும் இல்லை.

"காபி போடட்டா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சமையலறைக்குள் போனார்.