மூன்றெழுத்து ஆப்பு

தூத்துக்குடி துறைமுகச் சாலையில், கப்பலில் வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்சி. அங்கே இருபத்தாறு வருஷமாகக் குப்பை கொட்டும் விக்டருக்கு முகநூலில் ஒன்பது முகங்கள் இருந்தன. ஒன்று, ஜெபமாலை வைத்த கன்னியாஸ்திரி. ஒன்று, சேலைக்கடை. இன்னொன்று, பாளையங்கோட்டையில் பல் டாக்டருக்குப் படிக்கும் பெண். அவருடைய சொந்த முகம் மட்டும் எதிலும் இல்லை. அந்த முகத்தைத்தான் மகள் ஜெஸ்லின் தடை செய்திருந்தாள்.

தப்பு அவர் மேல்தான். பிடித்தவனைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போன ஜெஸ்லின், கல்யாணப் படத்தை முகநூலில் போட்டாள். அதற்குக் கீழே, புன்னைக்காயல் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்க்க, "இவ எம்புள்ளையே இல்ல" என்று எழுதினார். அதோடு விட்டாரா? அவள் கூப்பிட்டுவிடக் கூடாதென்று சிம்மை உடைத்துப்போட்டு, புது நம்பர் வாங்கி, ஒரு பட்டன் போனில் செருகிக்கொண்டார். சொந்தக்காரர்களும் அதன்பிறகு அவரிடம் அவள் பேச்சை எடுப்பதில்லை. ரோஷம் நாலு மாதம் தாங்கியது. மனைவி விஜிலா போய்ச் சேர்ந்து ஆறு வருஷமான வீட்டில், காட்டுவதற்கு ஆளே இல்லாமல் ரோஷத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுசன் என்னதான் செய்வார்?

அதனால்தான் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒன்பது முகம். கன்னியாஸ்திரியாகப் போய் மகள் படத்துக்கு ஒரு பூ வைப்பார். சேலைக்கடையாகப் போய் "அழகு" என்பார். ஒருநாள் அவள் வயிறு மேடிட்ட படம் வந்தது. பல் டாக்டர் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே வேலை பார்த்ததில் கன்டெய்னர் நம்பர் ஒன்று மாறிப்போய், முந்திரிக்கொட்டை வந்த பெட்டி நாலு நாள் யார்டிலேயே கிடந்தது.

முதலாளி பாண்டியராஜ் விக்டரைவிட இளையவர். மரியாதையாகத்தான் திட்டுவார்.

"அண்ணாச்சி, கன்னியாஸ்திரி ஜெபம் பண்ணட்டும், நீங்க வேலையப் பாருங்க. இன்னைக்கே அந்தச் சனியன எல்லாம் அடைக்கணும். இல்லன்னா நாளைக்கி வீட்லயே இருந்துக்கிடுங்க."

அடைக்கிற வேலை பக்கத்து மேஜை பேச்சிச்செல்விக்கு வந்தது. இணையத்துக்கும் மெயிலுக்கும் சேர்த்து ஒரே வடிகட்டி. நாம் கொடுக்கிற எழுத்துகள் எங்கே தென்பட்டாலும் பக்கம் திறக்காது. மெயிலாக இருந்தால் நேரே குப்பைப் பெட்டி.

"சொல்லுங்க அண்ணாச்சி, எதையெல்லாம் போட?"

குடியை விடுகிறவன் பாட்டிலோடு டம்ளரையும் சேர்த்து உடைப்பானே, அந்த வேகம் விக்டருக்கு. "ஃபேஸ்புக்கப் போடு. இன்ஸ்டாவப் போடு. வாட்ஸ்ஆப்பு... ஏளா, எத எடுத்தாலும் வாலுல ஆப்பு ஆப்புன்னுதான வருது? அந்த ஏ, பி, பி மூணெழுத்தயும் போட்டு வுடு. மொத்தமா ஒழியட்டும்."

"ஆப்பு வச்சாச்சு அண்ணாச்சி," என்று சிரித்தாள் அவள்.

அதன்பிறகு மூன்று மாதம் ஒரு நம்பர்கூடப் பிசகவில்லை. விக்டரிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு நம்பிக்கை. ஆபீஸ் மெயில் ஜெஸ்லினுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது புராஜெக்டை எல்லாம் அதற்கு அனுப்பி, பிரிண்ட் எடுத்துவரச் சொல்வாள். பிள்ளை பிறந்தால் அதில் ஒரு வரி எழுதாமலா போய்விடுவாள்? காலையில் வந்ததும் திறப்பார். இருக்காது. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் திறப்பார். இருக்காது.

நாலாவது மாதம் அவளிடமிருந்து ஒரு மெயில் வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். "திரு விக்டர் அவர்களுக்கு" என்று தலைப்பு.

"மூன்று முறை எழுதினேன். பதில் இல்லை. இனி தொந்தரவு செய்ய மாட்டேன். ஜெஸ்லின்."

எந்த மூன்று?

யாரிடமாவது கேட்பதற்குள் பாண்டியராஜ் கத்திக்கொண்டே உள்ளே வந்தார். "கப்பலே வந்து நிக்கி. கப்பல் வருதுன்னு ஏஜெண்டு போட்ட மெயில இன்னும் காணும். ஏளா செல்வி, மெயிலு என்ன நீந்தியா வருது?"

பேச்சிச்செல்வி குப்பைப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பிறகு மேஜையில் தலையை வைத்துச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அண்ணாச்சி, அந்தாளு தமிழ இங்கிலீஷ்லல்லா அடிச்சிருக்காரு. கப்பலுன்னு எழுதிப் பாருங்க. நடுவுல என்ன இருக்கு? ஏ, பி, பி! ஆப்பு கப்பலுக்குள்ள இருக்கு!"

பாண்டியராஜும் சிரித்துவிட்டார். துறைமுகத்து ஆபீஸில் கப்பலையே தடை செய்திருக்கிறார்களே! விக்டர் மட்டும் சிரிக்கவில்லை. இங்கிலீஷ் கப்பலின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் அவர் மனசுக்குள் எடுத்துப் பார்த்துவிட்டார்.

"ஏளா," என்றார். "கீழ போ. இன்னும் கீழ."

மூன்றும் இருந்தன.

"அப்பா, பொம்பளப்புள்ள. அம்மா பேரத்தான் வச்சிருக்கேன்."

"அப்பா, வார ஞாயித்துக்கெழம ஞானஸ்நானம். கோவம் தீந்துட்டா? வாரியா?"

"அப்பா, மஸ்கட்டுக்குப் போறோம். ஒம்பதாந்தேதி வர இந்த நம்பர்ல இருப்பேன்."

அன்று தேதி இருபத்திரண்டு. அப்பா என்று கூப்பிடாத நாலாவது மெயில்தான் தடையில்லாமல் உள்ளே வந்திருக்கிறது.

பேச்சிச்செல்வி சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழித்தாள். தன் போனில் அந்த நம்பரை அடித்து அவர் காதில் வைத்தாள். உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் தமிழில் சொன்னது, இங்கிலீஷில் சொன்னது, இந்தியிலும் சொன்னது. விக்டர் மூன்றையும் முழுசாகக் கேட்டார்.

சாயங்காலம் தடையை நீக்கி முகநூலைத் திறந்தார்கள். ஒன்பது முகங்களும் அப்படியே இருந்தன. ஜெஸ்லின் பக்கம்தான் இல்லை. மெயிலுக்குப் பதில் எழுதினார், அழித்தார், எழுதினார். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அப்பா என்கிற சொல் ஆகாமல் போய்விட்டது என்று எழுதினால் யார்தான் நம்புவார்கள்? ஆனாலும் எழுதி அனுப்பினார். இதுவரை பதினொன்று. பதில் இல்லை.

இப்போது அந்த மூன்றெழுத்துக்குத் தடை கிடையாது. பேங்க் ஆப், கடன் ஆப், பிரியாணி ஆப் என்று தினமும் நாற்பது மெயில் வந்து விழுகிறது. ஒவ்வொன்று விழும்போதும் விக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நாலாவதாக ஒரு ஏ ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார்.

"இந்தக் குப்பைய மட்டும் அடைச்சிரட்டா அண்ணாச்சி?" என்று பேச்சிச்செல்வி ஒருநாள் மெதுவாகக் கேட்டாள்.

"வேண்டாம்ளா," என்றார். "எதையும் அடைக்காத."