பொதிமாட்டுத் தடத்தில் ஒரு ஜீப்

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்து ஜீப்புகளை ஏலத்தில் விட்டார்கள். அன்றிலிருந்து பம்பாய் மாதுங்காவில் காசுள்ளவர்களுக்கு ஒரு புது ஆசை. சாலை போட்ட இடத்தில் கார் ஓட்டி அலுத்துவிட்டது. சாலை இல்லாத இடத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் ஆபீசில் எனக்கு மேலதிகாரியான நடேசன் சாரும் ஒரு ஜீப் எடுத்தார். போன டிசம்பரில், முர்பாட்டுக்கு அப்பால் சஹ்யாத்ரி மலையில் ஏறும் பழைய பொதிமாட்டுத் தடம் ஒன்றில் அதை ஏற்றிவிடுவது என்று தீர்மானித்தார். நானும் போனேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. செம்பூரில் ஒரே அறையில் நாலு பேராகப் படுத்து, ரயிலில் தொங்கி, பகல் முழுக்க அடுத்தவன் கணக்கைச் சரிபார்க்கிறவனிடம் மலை உச்சியில் ஒரு நாள் என்று சொன்னால் போதும், பின்னாலேயே வந்துவிடுவான்.

அந்தத் தடத்தில் வண்டி ஏறுமா என்று இப்போது பல பேர் என்னிடம் விசாரிக்கிறார்கள். அதனால் இதை எழுதுகிறேன்.

திட்டம் போடவே மூன்று வாரம் ஆயிற்று. பெட்ரோல் ரேஷன் கூப்பன் சேர்க்க வேண்டியிருந்தது. கயிறு, மண்வெட்டி, ஒரு உபரிச் சக்கரம், தண்ணீர் டின், தயிர் சாதம், தெர்மாஸ் பிளாஸ்க், படுக்கை, எல்லாம் தயார். வண்டியைக் குர்லாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தோம். ஓட்டப்போகிறவர் இசக்கிமுத்து. நாங்குநேரிப் பக்கத்துக்காரர், தாராவியில் குடியிருப்பு, யுத்தத்தில் அஸ்ஸாம் மலைகளில் லாரி ஓட்டியவர். நாங்கள் வண்டியைப் பார்க்கப் போனபோது அவர் அடியில் படுத்திருந்தார்.

"என்ன இசக்கி, ஏறுமா?" என்றார் நடேசன் சார்.

"ஏறும் சார், அதுல சந்தேகமே வேண்டாம். நிக்கச் சொன்னாத்தான் நிக்காது" என்று அடியிலிருந்து பதில் வந்தது.

"பிரேக்கைச் சரி பண்ணியாச்சுன்னியே?"

"கால் பிரேக்கு ஒரு மாதிரி. கைப்பிரேக்கு சும்மா பேருக்கு இருக்கு, சவம். ஏத்தத்துல இன்ஜின் அணைஞ்சி போச்சின்னா பின்சக்கரம் ரெண்டுக்கும் கட்டை போடணும். அதுக்கு ரெண்டு ஆளு வண்டிக்குப் பின்னாடியே நடந்து வரணும்."

"அதெல்லாம் அங்கே கிடைப்பா. மலைக்காரனுக்கு வேற என்ன ஜோலி?"

இவ்வளவுதான் பேச்சு. தெர்மாஸில் காபியா டீயா என்பதற்கு இதைவிட அதிக நேரம் ஆயிற்று.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு மாதுங்காவில் கிளம்பினோம். சுனாபட்டி ரயில்வே கேட், குர்லா, தாணா, கல்யாண் வரை நல்ல சாலை. கல்யாண் சேரும்போது எட்டு மணி. அதற்கு அப்பால் பெட்ரோல் கிடைக்காது, டின்னில் கொண்டுபோக வேண்டும். முர்பாட் வரை ஒரு மாதிரியான சாலை. பிறகு மாட்டுவண்டித் தடம், புழுதி, காய்ந்த ஓடைகள். பதினொன்றரைக்கு மலையடி. மொத்தம் அறுபத்திரண்டு மைல், நாலு காலன் பெட்ரோல்.

அங்கிருந்து மலையைப் பார்த்தேன். படத்தில் பார்க்கும் மலை சரிந்து இருக்கும். இது சரியவில்லை, செங்குத்தாக நின்றது. அதன் மேல் கருப்புக் கோடு இழுத்தது போல் ஒரு தடம். ஒரு காலத்தில் உப்பு மூட்டையைச் சுமந்து மாடுகள் ஏறிய வழி. ஜீப்பைவிட இரண்டு அடி அகலம் அதிகம் இருந்தால் ஆச்சரியம். இடப்பக்கம் பாறை. வலப்பக்கம் ஒன்றுமில்லை.

கீழே பத்துக் குடிசை. ஆண்கள் எல்லோரும் காண்டிராக்டரின் கரிச்சூளைக்கு மரம் வெட்டப் போய்விட்டிருந்தார்கள். இருந்தவன் தக்டூ என்ற ஒருவன் மட்டும். முப்பது வயது இருக்கும். இசக்கிமுத்து பம்பாய் இந்தியில் விஷயத்தைச் சொன்னார். கூலி ஒரு ரூபாய் என்றதும் தக்டூ எழுந்துவிட்டான். அவன் மனைவி சகு அப்படி உடனே சம்மதிக்கவில்லை. நாச்னி என்ற கேழ்வரகு மாவு பிசைந்த கையோடு ஜீப்பின் பின்பக்கம் வந்து குனிந்து பார்த்தாள். இரண்டு சக்கரம், இரண்டு கட்டை.

"ஏகா சாகாலா மாஜா நவ்ரா. துஸர்யாலா கோண்?" என்று கேட்டாள். ஒரு சக்கரத்துக்கு என் புருஷன், இன்னொன்றுக்கு யார்?

"ஆள் நல்ல பலசாலி, ரெண்டையும் அவனே போட்டுடுவான்னு சொல்லு" என்றார் நடேசன் சார்.

இசக்கிமுத்து அதை மொழிபெயர்க்கவில்லை. "எனக்கு ஸ்டியரிங் இருக்கு சார். மிச்சம் நீங்க ரெண்டு பேருதான்" என்றார்.

நடேசன் சார் என்னைப் பார்த்தார். "நீதான் சின்னவன். ஏண்டா, நோக்கு பயமா?"

பயம்தான். சொன்னால் திங்கட்கிழமை ஆபீஸ் முழுக்கச் சிரிக்கும். கட்டையை எடுத்துக்கொண்டேன். சகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தன் புருஷனிடம் ஏதோ சொன்னாள். இவன் கையை நம்பாதே என்று சொல்லியிருப்பாள் என நினைக்கிறேன். "நீ உள்பக்கம் வா, அவன் பள்ளத்துப் பக்கம் வரட்டும். அவாளுக்குப் பழக்கம்" என்று சொல்லிவிட்டு நடேசன் சார் முன்ஸீட்டில் உட்கார்ந்தார்.

ஏற்றத்தில் போகும் ஜீப்பைப் பின்னாலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு கனம் என்று தெரியும். முழு வண்டியும் தலைக்கு மேல் இருக்கும். சக்கரம் சுழன்று கல்லை முழங்காலில் அடிக்கும். புகை கண்ணை மறைக்கும். சின்ன கியரில், நாலு சக்கரமும் இழுக்க, மனிதன் நடக்கும் வேகத்தில்தான் ஏறியது. இன்ஜின் அணையும். "கட்டை!" என்று இசக்கிமுத்து கத்துவார். பின்னால் வரும் சக்கரத்தை நோக்கி நாம் முன்னால் போக வேண்டும். உடம்பு அதற்கு ஒப்பவே ஒப்பாது. ஒவ்வொரு தடவையும் தக்டூவின் கட்டை விழுந்த பிறகுதான் என் கட்டை விழுந்தது.

"சபாஷ்! போ, போ! இன்னும் ஒரு வளைவுதான்!" என்று முன்ஸீட்டிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது.

மூன்றாவது வளைவில் இன்ஜின் மறுபடி நின்றது. கட்டையைப் போட்டேன். அடியில் உதிரிச் சரளை. கட்டை சறுக்கியது. என் பக்கச் சக்கரம் பின்னால் உருண்டது, தக்டூ பக்கச் சக்கரம் நின்றது. வண்டியின் பின்பாகம் பள்ளத்தை நோக்கித் திரும்ப ஆரம்பித்தது. நான் பாறையோடு ஒட்டிக்கொண்டேன். தக்டூவுக்கு ஒட்டிக்கொள்ளப் பாறை இல்லை. குதித்தால் பள்ளம். அவன் தன் பக்கத்தில் நழுவத் தொடங்கிய கட்டையைக் காலால் உள்ளே தள்ளி மிதித்தான். வண்டியின் மூக்கு மலைச்சுவரில் இடித்து நின்றது. சக்கரம் பள்ளத்தின் விளிம்புக்கு ஒரு முழம் இப்பால் இருந்தது. அவன் பாதம் கட்டைக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்தது.

ஜாக்கி வைத்து எடுத்தோம். அவன் தண்ணீர் கேட்டான். வேட்டியைக் கிழித்துக் கட்டினோம், கட்டு உடனே சிவந்தது.

நடேசன் சார் மேலே பார்த்து, "மேலே ரெண்டு பர்லாங்குதான் பாக்கி. இவ்வளவு தூரம் வந்துட்டு…" என்று இழுத்தார்.

"சார், எறங்குங்க" என்றார் இசக்கிமுத்து.

"எதுக்கு?"

"வண்டியத் திருப்ப எடமில்ல. பின்னாடியேதான் கீழ போவணும். அவரு காலு போச்சி. ஒரு சக்கரத்துக்குத் தம்பி. இன்னொண்ணு உங்களுது."

"நானா?"

"மாட்டேன்னா சொல்லுங்க, வண்டிய இங்ஙனயே விட்டுட்டு நடந்து போயிருதேன்."

நடேசன் சார் இறங்கினார். தக்டூவை ஸீட்டில் உட்காரச் சொன்னோம். அவன் தலையை ஆட்டி மறுத்துவிட்டான். ஒரு தடியை ஊன்றிக்கொண்டு, வண்டி உருண்டாலும் படாதபடி அதற்கு மேலே, நொண்டி நொண்டி வந்தான்.

இந்தத் தடவை பள்ளத்துப் பக்கம் நான். இறக்கத்தில் வண்டி நம்மேல்தான் வருகிறது, நாம் பின்னோக்கியே நடக்க வேண்டும். கால் எங்கே வைக்கிறோம் என்று பார்த்தால் சக்கரம் தெரியாது, சக்கரத்தைப் பார்த்தால் கால் வைக்கும் இடம் தெரியாது. நடேசன் சார் ஒவ்வொரு கஜத்துக்கும் கத்தினார். "நிறுத்து! நிறுத்துடா! ஐயோ நிறுத்து!"

"வண்டி இன்னும் உருளவே இல்ல சார். அதுக்குள்ள என்னத்துக்குக் கத்துதீய?"

ஏறுவதற்கு நாற்பது நிமிஷம் ஆன தூரம், இறங்க மூன்று மணி நேரம் ஆயிற்று. போ போ என்ற அதே வாய்தான் நிறுத்து நிறுத்து என்றது. மனுஷர் மாறவில்லை, நின்ற இடம்தான் மாறியிருந்தது. கூலி கொடுத்து ஒருவனைப் பின்னால் நடக்கவிட்டால் மலை சின்னதாகத் தெரிகிறது. ஆபீசிலும் மில்லிலும் தோல் கிடங்கிலும் இதே கணக்குத்தான் ஓடுகிறது. நான் இங்கே கண்ணால் பார்த்தேன்.

கீழே சகு காலில் கட்டியிருந்த துணியைப் பிரித்துப் பார்த்தாள். ஜீப்பில் தானே முதலில் ஏறி உட்கார்ந்து, புருஷனைக் கைதூக்கி ஏற்றிக்கொண்டு, "முர்பாட்" என்றாள். அங்கே டாக்டர் பார்த்தார். இரண்டு விரல் எலும்பு நொறுங்கியிருக்கிறது, ஒரு மாதம் காலை ஊன்றக்கூடாது, வீங்கினால் உடனே கொண்டுவர வேண்டும் என்றார். எதில் கொண்டுவருவது என்று சகு கேட்டாள். டாக்டர் எங்களைப் பார்த்தார். நடேசன் சார் பத்து ரூபாயை எடுத்து நீட்டினார். காண்டிராக்டர் ஒரு மாதம் வராதவனைத் திரும்ப வேலைக்கு எடுப்பானா என்று நான் கேட்டதற்கு, தக்டூ சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

திரும்பும் வழியில் சுனாபட்டி கேட் மூடியிருந்தது. ரயிலுக்குக் காத்து நின்றபோது நடேசன் சார் பிளாஸ்கைத் திறந்து, ஆறிப்போன காபியை ஊற்றிக்கொண்டார்.

"தப்பு எங்கேன்னா, நாம நேரம் கழிச்சுப் போனோம். ஆள் கிடைக்கலை. அடுத்த தடவை ராத்திரியே போய்த் தங்கிடணும். அவா வேலைக்குப் போறதுக்குள்ளே நாலு பேரைப் பிடிச்சுடலாம்."

"அடுத்த தடவை நான் வரல சார்" என்றார் இசக்கிமுத்து.

"பம்பாயில டிரைவருக்கா பஞ்சம்?" என்றார் நடேசன் சார், கோபமே இல்லாமல்.

கேட் திறந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். நவம்பருக்கு முன் ஓடைகளில் சேறு. மார்ச்சுக்குப் பிறகு கீழே குடிக்கத் தண்ணீர் கிடையாது. எட்டுக் காலன் பெட்ரோலாவது வேண்டும், ஏற்றத்தில் தண்ணீராய்க் குடிக்கும். சரளையில் கட்டை நிற்காது. அடியில் சாக்கு போட்டால் கொஞ்சம் பிடிக்கும் என்று இசக்கிமுத்து சொல்கிறார். வளைவுகளில் திரும்ப இடமில்லை. மேலே போய்ச் சேராவிட்டால் பின்னாலேயே இறங்க வேண்டும். மருந்துக்கு முர்பாட்தான்.

வண்டி ஏறுமா என்று கேட்டால், ஏறும். இரண்டு பேர் சக்கரத்துக்குப் பின்னால் நடந்தால் ஏறும். அந்த இரண்டு பேரை உங்கள் வீட்டிலிருந்தே கூட்டிக்கொண்டு போங்கள்.