கையைத் தூக்கினால் போதும்

இந்த ஊர்ப் பெண்களிடம் எனக்கு இன்னும் பழகாத ஒன்று உண்டு. ஒரகடத்தில் நான் வேலை செய்யும் ஃபேக்டரி கேட்டில் செக்யூரிட்டி அக்கா உடம்பைத் தடவிச் சோதிக்கும்போது அவர்கள் பேச்சை நிறுத்துவதே இல்லை. கையைத் தூக்கிக்கொண்டே நேற்றைய சீரியலைச் சொல்வார்கள், கூச்சத்தில் நெளிந்து சிரிப்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பிள்ளைகளும் அப்படித்தான். வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி அவர்களுக்கு அது ஒரு வேலை. இலங்கையில், எங்கள் ஊரில், ராணுவச் சோதனை என்ற சொல்லுக்கே தெரு அடங்கிவிடும். இதை வாசிக்கிற ஈழத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு ரூமில் நானும் என் அக்காவும் வாடகைக்கு இருக்கிறோம். போர் முடிந்தபோது நான் சின்னப்பிள்ளை, அக்கா குமர்ப்பிள்ளை. முட்கம்பி போட்ட முகாமில் ஒரு பின்னேரம் விசாரணை என்று ஆமிக்காரர்கள் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். போனவள் விடிந்த பிறகுதான் திரும்பினாள். அம்மா ஒன்றும் கேட்காமல் அவளுக்குத் தலையில் தண்ணீர் வார்த்துக் குளிப்பாட்டினா. இன்றுவரை நானும் கேட்டதில்லை. கடல் கடந்து வந்த பிறகும் அக்கா வீட்டை விட்டு இறங்கியது குறைவு. போன மாதம் அவளாகவே, "எனக்கும் உன்ர இடத்தில ஒரு வேலை பாரன்" என்றாள். சந்தோசத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கேண்டீனில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது, நீலச் சட்டை யூனிஃபார்ம். கேட்டில் என்ன நடக்கும் என்பதையும் முன்கூட்டியே சொன்னேன். "பொம்பிளைதான் சோதிப்பா. கையைத் தூக்கினால் போதும்."

முதல் நாள், அக்கா உள்ளே குத்தியிருந்த ஊக்குக்கு மெஷின் கத்தியது. செக்யூரிட்டி விஜயாக்கா தண்டலத்துக்காரர், நல்ல மனுஷி. "ஒண்ணுமில்லம்மா, உள்ள வா" என்று திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். போன வேகத்திலேயே திரையை விலக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னாம்மா உங்க அக்கா? நான் ஒண்ணுமே சொல்லல. அது பாட்டுக்கு பட்டன கழட்டிக்கினு சொவத்த பாத்து நிக்குது."

வரிசையில் ஒருத்தி சிரித்தாள். அது பின்னால் வரைக்கும் போனது. உண்மையைச் சொன்னால், அக்கா இத்தனை வருசம் யாருக்குமே சொல்லாததை நான் கேட்டில் வைத்துச் சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் அவளுக்குப் பைத்தியக்காரி என்று பெயர் வரும்.

"அவவுக்குக் காய்ச்சல், அக்கா" என்றேன்.

"காய்ச்சலுக்கு இப்டியா பண்ணுவாங்க? எதையோ பாத்து பயந்துகீது. வல்லக்கோட்ட முருகன் கோயிலுக்கு இட்டுக்கினு போய் துன்னூறு பூசு, சரியாப்பூடும்."

அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும்?

மன்னர் போரில் கவர்ந்து வந்தவை யானை, பொன், பெண்கள் என்று பள்ளிக்கூடத்தில் ஒரே மூச்சில் ஒப்புவித்துப் புள்ளி வாங்கியவள் நான். எந்தக் காலத்துப் போரிலும் அந்தப் பட்டியல் மாறவில்லை, வென்றவன் பெயர்தான் மாறுகிறது. கொண்டுபோன பெண்கள் அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்தார்கள், யாராவது "உள்ள வா" என்றால் அவர்கள் கை எங்கே போனது என்று ஒரு பாடத்திலும் இல்லை. ஆத்திரமாக வருகிறது. அதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அன்று அக்காவை ரூமுக்கு அனுப்பிவிட்டேன். ஷிஃப்ட் முடிந்து நான் வந்தபோது அவள் ஊசி நூலோடு உட்கார்ந்திருந்தாள். யூனிஃபார்ம் சட்டையின் முன்பக்கத்தைப் பட்டன்களோடு சேர்த்து, கீழிருந்து கழுத்துவரை நெருக்கமாகத் தைத்து மூடியிருந்தாள்.

"இனிக் கழலாது. நாளைக்கு வாறன்" என்றாள்.

காலையில் போட்டுப் பார்த்தாள். தலை நுழையவில்லை. கழுத்துப் பக்கம் கொஞ்சம் பிரிக்கட்டுமா என்று கேட்டேன். சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. நான் மட்டும் போனேன்.

கேட்டில் எனக்கு முன்னால் நின்றவள் சீரியல் கதை சொன்னாள். நானும் இந்த ஊர்க்காரி போல ம் கொட்டினேன். என் முறை வந்தது.

"கையத் தூக்கும்மா" என்றார் விஜயாக்கா.

ஒரு கைதான் எழுந்தது. மற்றது என் சட்டைப் பட்டனைப் பிடித்துக்கொண்டிருந்தது.